மைதானத்தைக் கொடுங்க, மீதியை அவங்க பார்த்துக்குவாங்க!

(நமது மகளிர் அணியும் விளையாட்டு அணியும் இணைந்து நடத்திய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத உறவுகளுக்காகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நேரம் ஒதுக்கி முழுமையாகப் படியுங்கள். வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதல் வணக்கம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்றைய பேச்சு அவர்களுக்கானது. ஆனால் பேச்சின் கடைசியில் உங்களிடம் சில கேள்விகள் இருக்கு. அதனால யாரும் நடுவில் எழுந்து போயிடாதீங்க.

2025 நவம்பர் 2. நவி மும்பை, டி.ஒய். பாட்டீல் மைதானம். மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. இந்தியப் பெண்கள் 298 ரன் அடித்தார்கள். தென் ஆப்பிரிக்கா 246 ரன்னில் ஆட்டமிழந்தது. 52 ரன் வித்தியாசத்தில் வெற்றி. கடைசி கேட்சைப் பிடித்தவர் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையைத் தொட்டது அன்றைக்குத்தான், முதல் முறையாக.

அன்று நள்ளிரவில் நடந்த ஒரு காட்சியை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கொண்டாடிய அந்தப் பெண்கள், அதை மைதானத்தில் இருந்த மூத்த வீராங்கனைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மிதாலி ராஜ் வாங்கினார். ஜுலன் கோஸ்வாமி வாங்கினார். கண்ணீர் விட்டார்கள். ஓய்வு பெற்றுவிட்டவர்களிடம் எதுக்குக் கோப்பையைக் கொடுக்கணும்? அந்தக் கோப்பைக்கு 50 வருசக் கணக்கு பாக்கி இருந்தது. அதைத் தீர்த்து வைத்தார்கள். அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

"பொண்ணுங்க கிரிக்கெட் இப்பத்தானே வந்தது" என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது சரியில்லை. உலகக் கோப்பை என்கிற போட்டியையே முதலில் ஆடியது பெண்கள்தான். 1973-ல் இங்கிலாந்தில் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. ஆண்களுக்கு முதல் உலகக் கோப்பை 1975-ல்தான். இரண்டு வருசம் பிந்தி வந்தவர்கள் நம்ம பசங்கதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை டீக்கடையில் விவாதம் வந்தால் உதவும்.

அதே 1973-ல் இந்தியாவில் என்ன நடந்தது? லக்னோவைச் சேர்ந்த மகேந்திர குமார் சர்மா என்பவர் பெண்களுக்கென்று ஒரு கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். புனேயில் முதல் தேசியப் போட்டி நடந்தது. மொத்தம் எத்தனை அணிகள் தெரியுமா? மூன்றே மூன்று: பம்பாய், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். அவ்வளவுதான் ஆரம்பம்.

மூன்று வருசம் கழித்து, 1976-ல், மேற்கிந்தியத் தீவுகள் பெண்கள் அணி இங்கே வந்தது. பெங்களூரில் முதல் டெஸ்ட். இந்திய அணிக்கு கேப்டன் சாந்தா ரங்கசாமி. சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். அந்தத் தொடரிலேயே, பாட்னாவில், இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றார்கள். இந்திய ஆண்கள் அணி 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கி, முதல் வெற்றிக்கு 1952 வரை காத்திருந்தது. அந்த வெற்றி நம்ம சேப்பாக்கத்தில் கிடைத்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பெண்களுக்கு அந்த வெற்றி ஆட வந்த வருசமே கிடைத்தது. எதிரணியும் புதுசுதான், ஒத்துக்கிறேன். ஆனால் திறமை அன்றைக்கே இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த ஆண்டே நியூசிலாந்து போய் டெஸ்ட் சதம் அடித்தார் சாந்தா ரங்கசாமி. அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் டெஸ்டில் சதம் அடித்ததில்லை.

திறமை இருந்தது சரி. வசதி? முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் பயணம். படுக்கையைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போகணும். விடுதிக் கூடத்தில் தரையில் படுக்கணும். பெரும்பாலும் சொந்தக் காசு. நாட்டுக்காக ஆடப் போனவர்கள் இப்படித்தான் போனார்கள். 1988-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணி கலந்துகொள்ளவே இல்லை.

சரி, அப்புறம் எப்படி இந்த விளையாட்டு செத்துப் போகாமல் இருந்தது?

இங்கே டயானா எடுல்ஜியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். மும்பையைச் சேர்ந்த சுழற்பந்து வீச்சாளர், இந்திய அணியின் கேப்டன். ரயில்வேயில் பெண்கள் கிரிக்கெட் அணி உருவாகணும், ஆடுகிற பெண்களுக்கு வேலை கிடைக்கணும் என்று தொடர்ந்து போராடியவர். 1980-களில் அது நடந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போட்டிகளில் ரயில்வே அணியை அசைக்கவே முடியவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது. ரயில்வே சம்பளம் கொடுத்தது. மாசம் பிறந்தால் சம்பளம் வரும், பயிற்சிக்கு விடுப்பு கிடைக்கும், கல்யாணப் பேச்சு எடுக்கிற சொந்தக்காரங்ககிட்ட "என் பொண்ணு அரசாங்க உத்தியோகத்தில் இருக்கா" என்று அப்பா தலை நிமிர்ந்து சொல்ல முடியும். மிதாலி ராஜும் ரயில்வே ஊழியர்தான். ஹர்மன்பிரீத் கவுரும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான்.

உறவுகளே, இதை நாம் ஆழமாகப் புரிஞ்சுக்கணும். ஏழை வீட்டுப் பெண் விளையாட்டில் நிலைத்து நிற்பதற்கு முதல் தேவை மாதச் சம்பளம். கைதட்டலும் மாலையும் அப்புறம்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை என்பது சலுகை என்று பேசுகிறவர்களுக்கு இந்திய ரயில்வே அணியின் வரலாறே பதில்.

அடுத்து மிதாலி ராஜ். தமிழ்க் குடும்பத்துப் பெண். ஜோத்பூரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1999-ல், 16 வயதில், தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே அயர்லாந்துக்கு எதிராக 114 ரன், ஆட்டமிழக்கவில்லை. 2002-ல் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் 214 ரன். அன்றைக்கு அது பெண்கள் டெஸ்டில் உலக சாதனை. வயது 19. இதே சாதனையை ஒரு பையன் செய்திருந்தால் மறுநாள் காலையில் நாடே அவன் பெயரைச் சொல்லியிருக்கும். மிதாலியின் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2005-ல் அதே மிதாலி கேப்டனாக இருந்து, இந்திய அணியை முதல் முறையாக உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். தென் ஆப்பிரிக்காவில் நடந்தது. ஆஸ்திரேலியாவிடம் 98 ரன்னில் தோற்றார்கள். உலகத்திலேயே இரண்டாவது இடம். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று மிதாலியே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு ஆட்டத்துக்கு 1,000 ரூபாய். எட்டு ஆட்டத்துக்கு 8,000 ரூபாய். உலகக் கோப்பை இறுதி வரை போன ஒரு பெண்ணுக்கு, மொத்தமே எட்டாயிரம் ரூபாய்!

அந்த அணியில் இருந்த ஜுலன் கோஸ்வாமியையும் நினைத்துப் பாருங்கள். மேற்கு வங்கத்தில் நாதியா மாவட்டம், சக்தாகா என்கிற சின்ன ஊர். விடியற்காலையில் எழுந்து உள்ளூர் ரயில் பிடித்து கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போவார். 1997-ல் பெண்கள் உலகக் கோப்பை இறுதிப்போட்டி ஈடன் கார்டனில் நடந்தபோது, எல்லைக் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போடுகிற பிள்ளையாக நின்றவர். அவர்தான் ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்தவர். ஒரே ஒரு முறை, பெரிய ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. அது அவர் வாழ்க்கையை மாற்றியது. முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளே, உங்களையும் நாங்கள் அப்படி மைதானத்துக்கு அழைத்துப் போகணும்.

2006-ல் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐ-யின் கீழ் வந்தது. உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் வாரியம். நல்ல மைதானம் கிடைத்தது, பயணமும் தங்குமிடமும் மேம்பட்டது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஆட்டம் எங்கே? 2006-க்கும் 2014-க்கும் நடுவில் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. 2014-ல் ஆடினார்கள். அப்புறம் 2021 வரை மறுபடியும் ஒன்று கூட இல்லை. வாரிய ஒப்பந்தம் என்பதே பெண்களுக்கு 2015-ல்தான் வந்தது. நல்ல சமையல்கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கித் தராத கதை இது.

2017. இங்கேதான் கதை திரும்புது. உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தின் டெர்பி நகரம், எதிரே ஆஸ்திரேலியா. ஹர்மன்பிரீத் கவுர் 115 பந்தில் 171 ரன், ஆட்டமிழக்காமல். பஞ்சாபின் மோகா ஊர்ப் பெண் ஆஸ்திரேலியப் பந்துவீச்சை அன்றைக்குப் பிரித்து மேய்ந்துவிட்டார். அந்த ஒரு ஆட்டத்தில்தான் நிறைய வீடுகளில் அப்பாக்கள் சேனல் மாற்றாமல் பெண்கள் கிரிக்கெட் பார்த்தார்கள்.

மூன்று நாள் கழித்து லார்ட்ஸ் மைதானத்தில் இறுதிப்போட்டி. இலக்கு 229. 3 விக்கெட்டுக்கு 191 வரை போயாச்சு. அங்கிருந்து 28 ரன்னுக்குள் 7 விக்கெட்டும் சரிந்தது. 219-ல் முடிந்தது. 9 ரன்னில் தோல்வி. 2020 டி20 உலகக் கோப்பை இறுதி, மெல்போர்ன், பெண்கள் தினமான மார்ச் 8. மைதானத்தில் 86,174 பேர். அங்கேயும் தோல்வி. 2022 காமன்வெல்த் போட்டி இறுதி, பர்மிங்காம். மறுபடியும் 9 ரன்னில் தோல்வி.

"கடைசியில் பயந்துடறாங்க, பொண்ணுங்களுக்கு நெஞ்சுரம் இல்ல" என்று எழுதினார்கள். காரணம் அதுவா? நெருக்கடியான ஆட்டத்தை ஆடி ஆடித்தான் பழகணும். ஆண்களுக்கு 2008-லிருந்து ஐபிஎல் இருக்கு. இருபது வயசுப் பையன் நிரம்பி வழிகிற மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில், கடைசி ஓவர் வீசிப் பழகுகிறான். ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 2015-லிருந்தே அப்படி ஒரு லீக் இருக்கு. நம்ம பெண்களுக்கு? வருசத்தில் சில ஆட்டம், காலி மைதானம், திடீரென்று ஒருநாள் எண்பதாயிரம் பேர் முன்னால் இறுதிப்போட்டி. நீச்சல் குளத்தையே காட்டாமல் கடலில் தள்ளிவிட்டு, "நீந்தத் தெரியல" என்று சொன்னால் எப்படி?

2022 அக்டோபரில் ஆட்டத்துக்கான ஊதியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமம் என்று பிசிசிஐ அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியது. ஐந்து அணிகளின் உரிமை மட்டும் சுமார் 4,670 கோடி ரூபாய்க்குப் போனது. ஸ்மிருதி மந்தனாவை பெங்களூரு அணி 3 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் ஷஃபாலி வர்மா தலைமையில் உலகக் கோப்பை வென்றார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 2024-ல் நம்ம சேப்பாக்கத்தில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ரன். பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே அதுவரை யாரும் ஒரு இன்னிங்ஸில் அவ்வளவு அடித்ததில்லை.

பாருங்கள். 2022-ல் ஊதியம், 2023-ல் லீக், 2025-ல் உலகக் கோப்பை. பெண்களின் நெஞ்சுரம் மூணு வருசத்தில் வளர்ந்துடல. ஆட மேடையும் கைக்குச் சம்பளமும் கிடைத்ததும், ஏற்கெனவே இருந்தது வெளியே வந்தது.

ஆனால் கணக்கு இன்னும் முழுசா தீரல. சமம் என்று சொன்னது ஆட்ட ஊதியத்தில் மட்டும்தான். 2024-25 வாரிய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெண்களில் முதல் தரத்துக்கு ஆண்டுக்கு 50 லட்சம். ஆண்களில் கடைசித் தரத்துக்கு 1 கோடி. உச்சியில் இருக்கிற பெண்ணுக்கு, அடியில் இருக்கிற ஆணுக்குக் கிடைப்பதில் பாதி! 2024-ல் டி20 உலகக் கோப்பை வென்ற ஆண்கள் அணிக்கு வாரியம் அறிவித்த பரிசு 125 கோடி. 2025-ல் பெண்கள் அணிக்கு 51 கோடி. எட்டாயிரத்திலிருந்து இங்கே வந்திருக்கோம், அது பெரிய தூரம்தான். போக வேண்டிய தூரமும் இருக்கு.

உள்நாட்டு ஆட்டத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ரஞ்சி ஆடுகிற ஆணுக்கு ஒரு நாளைக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை. மாநில அணிக்கு ஆடும் பெண்ணுக்கு 20,000. உலகக் கோப்பை வந்த பிறகுதான் அதை 50,000 ஆக்கினார்கள். கோப்பை ஜெயிச்சாத்தான் நியாயம் கிடைக்கும் என்றால், அது நியாயமா, பரிசா?

இங்கே ஒரு தம்பி கேட்பான். "அக்கா, ஆண்கள் ஆட்டத்துக்குத்தானே வருமானம் வருது? வருமானத்துக்குத் தகுந்த சம்பளம், இதுல என்ன தப்பு?" நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். வருமானம் விளம்பரத்திலிருந்து வருது. விளம்பரம் ஒளிபரப்பிலிருந்து வருது. ஏழு வருசம், எட்டு வருசம் டெஸ்டே ஆடவிடாமல் வைத்துவிட்டு, வருமானம் எங்கே என்று கேட்டால் எப்படி வரும்? விதைக்காத வயலில் விளைச்சல் கேட்கக் கூடாது. லீக் தொடங்கிய அன்றே நாலாயிரம் கோடிக்கு மேல் வந்துச்சே, அது சொல்லாத பதிலா?

இப்போ 2025 உலகக் கோப்பைக்கு வருவோம். நீங்கள் இணையத்தில் இயங்குகிறவர்கள், அதனால் உங்களுக்கு இது முக்கியம்.

தொடரின் நடுவில் இந்திய அணி வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றது. தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. அந்த வாரம் சமூக வலைதளங்களைப் பார்த்தீர்களா? "சமையல்கட்டுக்குத் திரும்பிப் போங்க" என்று எழுதினார்கள். ஆண்கள் அணி தோற்றால் பேட்டிங்கைத் திட்டுவான், கேப்டனைத் திட்டுவான். பெண்கள் தோற்றால் பெண்ணாகப் பிறந்ததையே திட்டுவான்.

அந்த நேரத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். மனப் பதற்றத்தில் தினமும் அழுததாக அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேணும். திரும்ப வந்தார். அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 ரன் குவித்தது. மூணாவது இடத்தில் இறங்கணும் என்று ஜெமிமாவுக்குத் தெரிந்ததே, இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான். 127 ரன், ஆட்டமிழக்கவில்லை. ஹர்மன்பிரீத் 89. இருவரும் சேர்ந்து 167. பெண்கள் ஒருநாள் வரலாற்றில் துரத்திப் பிடித்த மிகப் பெரிய இலக்கு அது.

ஷஃபாலி வர்மா முதலில் தேர்வான 15 பேரில் இல்லவே இல்லை. பிரதிகா ராவல் காயப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டார். உள்ளூர் போட்டி ஆடிக்கொண்டிருந்தவர் நேராக அரையிறுதிக்கு வந்தார். இறுதிப்போட்டியில் 87 ரன், 2 விக்கெட், ஆட்ட நாயகி. ஆக்ராவின் தீப்தி சர்மா இறுதியில் 58 ரன்னும் 5 விக்கெட்டும். தொடர் முழுக்க 22 விக்கெட், 215 ரன். தொடர் நாயகி.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஷஃபாலி, அரியானாவின் ரோதக். பெண் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னதால், தலைமுடியை வெட்டிக்கொண்டு பையன் மாதிரி ஆடப் போனவர். ரேணுகா சிங், இமாசல மலைக் கிராமம். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர், தாய் வேலைக்குப் போய் வளர்த்த மகள். கிராந்தி கவுட், மத்தியப் பிரதேசத்தில் குவாரா என்கிற ஊர், பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். ரிச்சா கோஷ் சிலிகுரி. ஸ்ரீ சரணி நம்ம பக்கத்து ஆந்திராவின் கடப்பா. உமா செத்ரி அசாம். பெரும்பாலும் சின்ன ஊர்களின் பிள்ளைகள். இதுதான் இந்த அணியின் அழகு.

சரி. நம்ம ஊர்?

வலிக்கும், ஆனாலும் சொல்லணும். உலகக் கோப்பை வென்ற அந்த அணியில் தமிழ்நாட்டு வீராங்கனை ஒருவர் கூட இல்லை. நம்மிடம் ஆள் இல்லையா? தமிழ்நாட்டுக்கு ஆடி, இந்தியாவுக்காக 21 டெஸ்ட் ஆடிய சுதா ஷா பின்னாளில் இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்தார். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் யார் தெரியுமா? சென்னையின் திருஷ் காமினி, 2013-ல். அடுத்த ஆண்டு மைசூரில் டெஸ்டில் 192 ரன் அடித்தவரும் அவர்தான். நிரஞ்சனா நாகராஜன், ஹேமலதா ஆகியோர் இந்தியாவுக்கு ஆடியவர்கள். மதுரையின் கமலினி 2025-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 16 வயதில் மும்பை அணி அவரை 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. ஆள் இருக்கு. ஒருத்தர் இருவராக இல்லாமல், ஊருக்கு ஊர் வரிசையாக வரணும். அதுக்கு வழி இருக்கா என்பதுதான் கேள்வி.

இப்போ நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்விகளுக்கு வருகிறேன். எதிர்க்கட்சியிடம் கேட்கிற கேள்விகள் இல்லை. நம்மிடமே கேட்கிறேன்.

முதல் கேள்வி. தலைவர் பிறந்தநாள், பொங்கல், கிளைத் திறப்பு என்று நம் தோழர்கள் ஊருக்கு ஊர் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, பிளக்ஸ், மைக் செட். அதில் பெண்கள் அணி எத்தனை? கையை உயர்த்திச் சொல்லுங்கள் பார்ப்போம். பெண் பிள்ளைகளுக்குக் கோலப் போட்டியும் இசை நாற்காலியும், பையன்களுக்கு கிரிக்கெட். இந்தப் பிரிவினையை வாரியம் செய்யல. நாம்தான் செய்றோம். இனிமேல் எந்தக் கிளை போட்டி நடத்தினாலும், குறைந்தது நாலு பெண்கள் அணியாவது ஆடட்டும். 1973-ல் மூன்று அணியோடுதான் இந்தியாவே தொடங்கியது, மறந்துடாதீங்க. பரிசுத் தொகையும் சமமாக இருக்கட்டும். அடுத்தவனிடம் சமத்துவம் கேட்கும் முன்னால் நம்ம வீட்டில் அது இருக்கணும்.

இரண்டாவது கேள்வி. உங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் ஆடுகிறார்கள்? பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கி இருக்கா? உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை, ஒரு விளக்கு, வீடு திரும்ப ஒரு பேருந்து. இந்த நாலும் இல்லாததால் எட்டாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிடும் பிள்ளைகளை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு கிளையும் தன் ஊர் மைதானத்தைப் போய்ப் பாருங்கள். எது இல்லையோ அதை மனுவாக எழுதி கிராமசபையில் வையுங்கள். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மனு கொடுத்துவிட்டு மறந்துடாதீங்க, நடக்கும் வரை கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி, கைப்பேசியும் கையுமாக இருக்கிற தம்பிகளுக்கு. மாற்றுக் கட்சிப் பெண் ஒருவர் கருத்துச் சொன்னால் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? கொள்கையை எதிர்த்து எழுதுங்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள், காரசாரமாகக்கூட எழுதுங்கள். ஆனால் அவள் உடலை, உடையை, குடும்பத்தை இழுத்து எழுதுகிறவனுக்கும், ஜெமிமாவை "சமையல்கட்டுக்குப் போ" என்று எழுதியவனுக்கும் என்ன வித்தியாசம்? நம் கொடியைச் சுயவிவரப் படமாக வைத்துக்கொண்டு அப்படி எழுதுகிறவன் நமக்குத் தோழன் இல்லை. நம் பக்கத்து ஆளாக இருந்தாலும் கண்டியுங்கள்.

கடைசியாக அப்பாக்களுக்கு, அண்ணன்களுக்கு. தீப்தி சர்மாவைச் சின்ன வயதில் மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் அவர் அண்ணன். நீங்கள் பெரிய தியாகம் எதுவும் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆடப் போகும்போது வண்டியின் பின்னால் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போங்க. ஃபீல்டிங்கில் மட்டும் நிற்க வைக்காமல் பேட்டையும் அவள் கையில் கொடுங்க. போதும்.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரே வார்த்தைதான். "பொண்ணு ஆடலாமா" என்று யாராவது கேட்டால் பயப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் 50 வருசமாக அக்காக்கள் ஆடி வைத்திருக்கிறார்கள். ரயில் பெட்டியின் தரையில் படுத்துப் போய் ஆடியிருக்கிறார்கள். எட்டாயிரம் ரூபாய்க்கு உலகக் கோப்பை ஆடியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட பாதை இது. நீங்கள் தைரியமாக நடந்து வாருங்கள். மைதானத்தை வாங்கிக் கொடுக்கிற வேலை எங்களுடையது.

அடுத்த முறை உலகக் கோப்பையைத் தூக்குகிற கைகளில் ஒரு ஜோடிக் கை, இந்த அரங்கத்தில் இருந்து போனதாக இருக்கட்டும்.



(உங்கள் கிளை நடத்தும் அடுத்த போட்டியில் பெண்கள் அணி எத்தனை? கருத்துப் பகுதியில் ஊர் பெயரோடு எழுதுங்கள். படங்களை அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் பகிர்கிறோம்.)